வேலரியாக நான்கு நாள்

சிகாகோ வந்த முதல் வருடம் வீடு தேடும்போது, போனில் என் பெயரை 'வல்லி' என்று சொன்னேன். வீட்டுக்கார அம்மா காதில் அது 'வேலரி' என்று விழுந்தது. நான் திருத்தவில்லை. நான்கு நாள் அவரிடம் வேலரியாகவே பேசினேன். வாடகை, ஹீட்டர், வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றையும் அன்பாகச் சொன்னார். ஐந்தாம் நாள் நேரில் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். வீட்டை நேற்றே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நூலகத்திலிருந்து நெல்லா லார்சனின் 'பாஸிங்' நாவலை எடுத்து வந்தேன். வெளிவந்தது 1929இல். லார்சன் இதே சிகாகோவில் பிறந்தவர். தாய் டென்மார்க்கிலிருந்து வந்த வெள்ளைக்காரர், தந்தை மேற்கிந்தியத் தீவுக்காரர். ஒரு சொட்டு கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பர்தான் என்றிருந்த காலம் அது. வெளுத்த நிறமுள்ள கறுப்பர்கள் சிலர் ஊரையும் உறவையும் விட்டு, வெள்ளையரோடு வெள்ளையராகக் கலந்துவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் பாஸிங். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, பார்ப்பவர் நினைப்பதை மறுக்காமல் இருந்தால் போதும்.

நாவலில் வரும் கிளேர் அப்படிப்பட்டவள். புருஷனுக்கு விஷயம் தெரியாது. நீ வரவரக் கறுத்துப்போகிறாய் என்று கேலி செய்து, கறுப்பர்களை ஏசும் சொல்லையே சுருக்கிச் செல்லப்பெயராக வைத்துக் கூப்பிடுகிறான். அந்த அறையில் இருக்கும் மூன்று பெண்களுமே கறுப்பினத்தவர்கள். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் ஜன்னலோரம் நின்றேன்.

நான்கு நாள் கழித்து மறுபடி எடுத்து, முதலிலிருந்து படித்தேன். மகள் பிறக்கும் வரை ஒன்பது மாதமும், குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடுமோ என்று பயந்தே செத்தேன் என்கிறாள் கிளேர். இன்னொரு பிள்ளை வேண்டவே வேண்டாம் என்கிறாள். முதல் தடவை அந்த இடத்தை எப்படி வேகமாகக் கடந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அப்போது ஆறாம் மாதம். மேசையில் குங்குமப்பூப் பால் இருந்தது. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று அம்மா ஊரிலிருந்து பார்சலில் அனுப்பிய குங்குமப்பூ. ஒருநாள் விடாமல் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது ஆடை படிந்து ஆறியே போனது.

இனிமேல் குங்குமப்பூ அனுப்பாதே என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏன்டி, குமட்டுதா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.