நான் சொல்லாத காரணம்

"பிரஷரா, சுகரா?" என்றுதான் ஹெச்.ஆர். சார், கம்பெனி நர்சான என்னிடம் தையல் லைன் அக்கா ஒருத்தரைப் பற்றிக் கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்புறம் என்ன சிஸ்டர்?" "அதை அவங்கதான் சார் சொல்லணும்." பேச்சு அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்த அக்காவைத் தையல் மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற டேபிளில் போட்டுவிட்டார்கள்.

ஷூ கம்பெனியில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற டெய்லருக்கு லைனில் ஒரு மரியாதை உண்டு, இன்சென்டிவ் உண்டு. நூல் வெட்டுவது நேற்று வந்த பெண்ணுக்குக் கொடுக்கிற வேலை.

அக்காவுக்கு 47 வயது. என் ரூமுக்கு வந்தது தலைவலி மாத்திரைக்கு. "இன்னான்னு தெரில சிஸ்டர், குப்புனு நெஞ்சுலருந்து மூஞ்சிக்கு ஏறுது. அடுப்பு மேல உக்காந்த மாரி கீது. அப்பறம் வேத்து ஊத்திட்டு குளுருது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. கையில் பிடித்திருந்த கேட் பாஸ் நனைந்து, சூப்பர்வைசர் கையெழுத்தின் மை கலங்கிவிட்டது.

மே மாதம் 40 டிகிரி தாண்டுகிற வேலூர்ப் பக்கத்தில், வேர்க்கிறது என்று சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? "எல்லாருக்கும்தானே வேர்க்குது" என்று அந்த சூப்பர்வைசர் தம்பி சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் இது வெயில் வேர்வை இல்லை. மாதவிடாய் நிற்கப்போகிற வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறையாது, ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் குறையும். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற ஹைப்போதலாமஸ் என்கிற பகுதி அதில் தடுமாறி, லேசான சூட்டுக்கே பயந்து வேர்வையைத் திறந்துவிடும். ராத்திரியிலும் இதே கதை. தூக்கம் கெட்டால் காலையில் தையல் கோணும், வாயில் கோபம் வரும். லைனில் அந்தக் கோபம் மட்டும்தான் தெரிந்தது.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா செரியாப் பூடுமா சிஸ்டர்?" என்று கேட்டார். அவர் தெருவில் அப்படி எடுத்துக்கொண்டவர்கள் நிறைய. இதற்கு மட்டும் நான் நிதானமாக உட்கார்ந்து பதில் சொன்னேன். ஹார்மோன் சுரப்பது சினைப்பையில். கர்ப்பப்பையை எடுப்பதால் இந்தச் சூடு அடங்காது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், வருஷக்கணக்கில் மெதுவாக நடக்க வேண்டியது ஒரே நாளில் வந்து விழும். முதலில் ஈ.எஸ்.ஐ.யில் மகளிர் டாக்டரைப் பாருங்கள், தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு; அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் சும்மா விடக்கூடாது, கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று பார்த்தாக வேண்டும்.

இந்தத் தொந்தரவுக்குக் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை தின்றால் கேன்சர் வரும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அந்தப் பயம் 2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருக்கிற, தொந்தரவு அதிகமுள்ள, வேறு நோயில்லாத பெண்களில் பெரும்பாலோருக்கு அபாயத்தைவிட நன்மைதான் அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் உண்டு, வருஷம் கூடக் கூட அதுவும் கூடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தம் உறைகிற வியாதி உள்ளவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்கிற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். கேழ்வரகை விடாதீர்கள், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்பு தேய்கிற காலம் இது, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போங்கள் என்றும் சொன்னேன். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்துவிட்டு நிற்க முடியாமல் போகிறவரிடம் நடக்கச் சொல்வது சுலபம்தான். நான் ஃபேனுக்குக் கீழே இருக்கிறவள்.

எழுந்து போகும்போது, "யார் கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர், கெழவின்னு ஒதுக்கிடுவாங்க" என்றார். நான் சொல்லவில்லை. காரணம் சொல்லாமலே ஃபேன் பக்கம் இடம் மாற்றித்தரச் சொல்லியிருக்கலாமே என்கிறார் என் வீட்டுக்காரர். கேட்டுத்தான் பார்த்தேன். ஒருத்தருக்கு ஃபேன் கொடுத்தால் மீதிப்பேர் சும்மா இருப்பார்களா என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

சொல்லியிருந்தால்? மெஷின் போயிருக்காதோ என்று சில நாள் தோன்றுகிறது. 35 வயதுக்குள் ஆள் தேவை என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டுகிற இடத்தில், 45 தாண்டிய எல்லோரையும் கணக்கெடுத்து ஒதுக்கியிருப்பார்கள் என்று மறுநாள் தோன்றுகிறது. ரகசியம் காப்பது என் வேலை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதுவும் முழுசாக நிற்பதில்லை. பிரஷர் என்றால் அன்று தயங்காமல் சொல்லியிருப்பேன். சுகர் இருக்கிற எத்தனை பேரைப் பற்றி ஆபீசில் சொல்லியிருக்கிறேன், யாரிடம் அனுமதி கேட்டேன்?

அக்கா என்னிடம் கோபப்படவில்லை. ஈ.எஸ்.ஐ.யில் மாத்திரை தொடங்கியிருக்கிறார், தூக்கம் வருகிறதாம். மெஷின் திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது மகளிர் தினத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, பெண்கள் நலம். மாதவிடாய் நிற்கிற காலத்தைப் பற்றிப் பேசுகிறேன், லைன் சூப்பர்வைசர்கள் எல்லோரும் வந்து உட்காரட்டும் என்று கேட்டேன். "லேடீஸ் மேட்டர், ஜென்ட்ஸ் எதுக்கு சிஸ்டர்?" என்றார் ஹெச்.ஆர். சார். அவர்கள் வராவிட்டால் பேசுவதா வேண்டாமா என்று இன்னும் பதில் சொல்லவில்லை. அக்காவைக் கேட்டேன். "நீங்க பேசுங்க. நான் அன்னிக்கு லீவு" என்றார்.