ஒரு லிட்டர் பாலும் ஆறு முட்டையும்

மார்ச் 3, 2025, திங்கள்

புதிதாகச் சேர்ந்த 14 பேருக்கு இன்றுதான் புரோகிராமிங்கின் முதல் வகுப்பு. அதில் 8 பேர் பெண்கள். என்னோடு பாடம் எடுக்கும் நண்பர், 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் 'இஃப்' கண்டிஷனை வழக்கமான ஜோக்கோடு ஆரம்பித்தார். மனைவி, புரோகிராமர் கணவனிடம் சொல்கிறாள்: "ஒரு லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க. முட்டை இருந்தா ஆறு வாங்கிட்டு வாங்க." அவன் ஆறு லிட்டர் பாலோடு வந்து நிற்கிறான். "எதுக்குங்க இவ்வளவு பால்?" "முட்டை இருந்துச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மதியம் சாப்பிடும்போது திண்டிவனத்துப் பெண் சொன்னாள்: "எங்க வீட்ல அப்பாதான்க்கா பால் வாங்குவார். புரோகிராம் எழுதுறது நான்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்த வேலைக்கு வந்து 15 வருடம். அந்த ஜோக்கில் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மார்ச் 5, புதன்

வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய ஃபார்வர்டு. 'காதலி 7.0'ஐ 'மனைவி 1.0' ஆக அப்கிரேடு செய்தானாம், மெமரியையெல்லாம் தின்கிறதாம், அன்இன்ஸ்டால் ஆகவில்லையாம். கல்லூரி நாளில் ஈமெயிலில் வந்தது, இன்னும் சுற்றுகிறது. உடனே ஒருவர் 'கணவன் 1.0' வடிவத்தைப் போட்டு "சரியாப் போச்சா?" என்றார்.

சரியாகப் போகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலாவதில் பெண்தான் சாஃப்ட்வேர். இரண்டாவதில் ஒன்றும் புரியாமல் டெக் சப்போர்ட்டுக்குக் கடிதம் எழுதுபவள். புரோகிராம் எழுதத் தெரிந்தவளாக இரண்டிலுமே அவள் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மகளிர் தினக் கொண்டாட்டம். ரோஜாப்பூ, கோலப் போட்டி.

மாலையில் பிள்ளைகளுக்கு எனியாக் படம் காட்டினேன். 1946இல் பிலடெல்பியாவில் உலகத்துக்குக் காட்டப்பட்ட கம்ப்யூட்டர். ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழல்கள். அதற்குப் புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்கோஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அன்றைக்குப் புரோகிராமிங் மொழி என்று ஒன்று கிடையாது. சர்க்யூட் வரைபடங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டு, கேபிளைச் செருகி, சுவிட்சைத் திருப்பி வேலை செய்தார்கள். 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி, படத்தில் நிற்கும் பெண்கள் யார் என்று கேட்டபோது, இயந்திரத்துக்கு அழகு சேர்க்க நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் நிற்பவர்களைப் போல.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் திண்டிவனத்துப் பெண். கேபிளைப் பிடித்திருக்கும் கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மார்ச் 8, சனி

எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த ஜோக்கை இங்கே எழுதி வைக்கிறேன். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு மார்க் 2 என்ற பழைய கம்ப்யூட்டர். எஃப் பேனலில் 70ஆம் எண் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. அதை டேப் போட்டு வேலைக் குறிப்பேட்டில் ஒட்டி, நிஜமாகவே பூச்சி கிடைத்த முதல் சம்பவம் என்று கீழே எழுதினார்கள். கோளாறைப் 'பக்', அதாவது பூச்சி, என்று சொல்வது இன்ஜினியர்களிடம் அதற்கு முன்பே இருந்த வழக்கம். அதனால்தான் அந்த 'நிஜமாகவே'யில் சிரிப்பு இருக்கிறது. பூச்சியைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் துறை முன்னோடியான கிரேஸ் ஹாப்பர் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியவர் அவர்தான். யார் மனமும் நோகாத சிரிப்பு அது. ஒட்டிய பூச்சியோடு அந்தக் குறிப்பேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

வகுப்புக்கு முன்னால் நண்பரிடம் பேசினேன். "ஜோக்தானேங்க?" என்றார். ஜோக்தான். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம் என்றேன். 'ஆறு' என்ற சொல்லில் இருக்கிறது. ஆறு என்ன என்று சொல்லவில்லை, அதனால் முன்னால் சொன்ன பாலோடு போய் ஒட்டிக்கொண்டது. மனைவி என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் சிரிப்பு அங்கேயேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்தவர், அவரே ஸ்லைடைத் திருத்தினார். அப்பா சொல்கிறார், மகள் ஆறு லிட்டரோடு வருகிறாள்.

சிரிப்பு அதே இடத்தில் வந்தது. அப்புறம் திண்டிவனத்துப் பெண் கையைத் தூக்கினாள். "முட்டை இருக்கு, பால் மூணு லிட்டர்தான் இருக்குன்னா?" பின்னாலிருந்து ஒரு பையன், "கடையே மூடியிருந்தா?" ஒவ்வொன்றாகப் போர்டில் எழுதினோம். இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் கேஸ் 11 வந்தபோது போர்டில் இடம் தீர்ந்துவிட்டது.