16 அடி வீடு

பினாங்கில் மூன்று நாள் தங்க ஹோட்டல் தேடிக்கொண்டிருந்தபோது நண்பன் குறுக்கே புகுந்தான். "ஜார்ஜ் டவுன்ல எங்க அக்கா இருக்காங்க, அங்க போ. கடைவீடு." கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் எனக்கு ஒரு பாய் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

லெபோ பாசாரை ஒட்டிய தெரு. பூக்கடை, புடவைக்கடை, ஸ்பீக்கரில் அலறும் பாட்டு. கூப்பிடு தூரத்தில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். வீட்டின் முகப்பு மொத்தமே 16 அடி. மாடி முன்னால் நீண்டு வந்து நடைபாதைக்குக் கூரையாக நிற்கிறது. அந்த நடைபாதைக்கு இங்கே 'அஞ்சடி' என்று பெயர். 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ், கடைகளுக்கு முன்னால் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்று விதித்தார். அது மலாயா முழுக்கப் பரவியது. மழையில் நனையாமல் தெருக்கோடிவரை போகலாம். நடுவில் யாரும் பைக்கை நிறுத்தாமல் இருந்தால்.

முன்பக்கம் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தையல் மெஷினைத் தாண்டி இருட்டான நடையில் பத்தடி போனதும் தலைக்கு மேல் வானம்! வீட்டு நடுவில் முற்றம். அதற்கும் பின்னால் வீடு போய்க்கொண்டே இருக்கிறது, 90 அடிக்கு.

இருபுறச் சுவர்களும் பக்கத்து வீடுகளோடு பொது. மரவிட்டங்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நேராகப் போகின்றன, நடுவில் தூண் கிடையாது. விட்டம் எவ்வளவு நீளமோ வீடு அவ்வளவு அகலம். பக்கவாட்டில் ஜன்னலுக்கு வழியில்லாததால் காற்றும் வெளிச்சமும் மேலேயிருந்துதான் இறங்க வேண்டும்.

அக்கா குடும்பம் வந்தபோது அந்த முற்றம் இல்லை. முன்பு இருந்தவர்கள் மேலே தகரம் போட்டு மூடி, ஓர் அறை சேர்த்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டும் பூசிவிட்டார்கள். பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அதை மெல்ல வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. "சுவரெல்லாம் பொரிப் பொரியா உப்பிப்போச்சு தம்பி. தொட்டா உப்பு கொட்டும்." தகரத்தைக் கழற்றி, சிமெண்டைக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பு பூச ஒரு வருஷம் ஆயிற்றாம்.

இப்படிப்பட்ட வீடுகள் இவ்வளவு மிஞ்சியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1966இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடியும்வரை நடப்பில் இருந்தது. வாடகை சொற்பம், எனவே வீட்டுக்காரர்கள் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, இடித்துக் கட்டவும் இல்லை. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தபோது கடைவீடுகள் வரிசை வரிசையாக நின்றன. ஆனால் சட்டம் போனதும் வாடகை ஏறி, காலங்காலமாக இருந்த பலர் வெளியேறினார்கள். இன்று முற்றத்தில் மீன் தொட்டி வைத்த கஃபேக்கள் நிறைய. எனக்கு அவை அவ்வளவாக ஒட்டவில்லை.

அக்கா வீட்டில் எனக்குப் பிடித்தது மாடிப்படி. கீழ் ஏழு படிகளும் இழுப்பறைகள். முதல் படியில் செருப்பு. மூன்றாவதில் பருப்பு, மிளகாய். கையில் கரண்டியோடு வந்த அக்கா, கால் கட்டைவிரலை வளையத்தில் மாட்டி அதை இழுத்தார், பருப்பு டப்பாவை எடுத்தார், முழங்காலால் தள்ளி மூடினார். ஐந்தாவதற்குப் பூட்டு. என்னவென்று கேட்டேன். "பசியாறிட்டீங்களா?" என்றார்.

மாடியில் தடுப்புச் சுவர்கள் கூரைக்கு ஒன்றரை அடி கீழேயே நின்றுவிடுகின்றன. காற்று தாராளமாகப் போகிறது, என் குறட்டையும் போயிருக்கிறது. மகளின் கட்டில் ஆள் உயரத்தில், அடியில் படிக்கும் மேசை. அஞ்சடிக்கு மேலே வரும் தரைப்பலகையில் மூடி போட்ட ஒரு சதுர ஓட்டை. கதவைத் தட்டுவது யார் என்று பார்க்க அந்தக் காலத்தில் வைத்தது. மகள் அதன் வழியாகக் கூடையில் காசை இறக்கி ரொட்டி சானாய், அதாவது அந்த ஊர்ப் பரோட்டா, ஏற்றிக்கொள்கிறாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை. வீட்டுக்குள் மழை பெய்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்துக் கல்தரை ஒரு சாண் தாழ்வு. மூலை ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், இலை அடைக்காத வரை. அன்று அடைத்திருந்தது. ஓரத்தில் காயவைத்த என் ஷூ இரண்டும் மெதுவாக மிதந்து நடுவுக்கு வந்தன.

அப்போது பார்த்து மனைவி வீடியோ காலில் வந்தாள். எங்கள் மடிப்பாக்கம் ஃப்ளாட் 550 சதுர அடி. போனைச் சுற்றிக் காட்டினேன். மழை, படி, பருப்பு, மிதக்கும் ஷூ.

"நல்லாத்தான் இருக்கு. மேலே ஒரு ஷீட்டைப் போட்டுட்டா இன்னொரு ரூம் வருமே?"

அடுப்படியிலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது.