பிடித்ததை மேலே எழுதுங்கள்: கவுன்சலிங்கில் நானும் தம்பியும்

2019இல் எனக்குப் பொறியியல் கவுன்சலிங். நாலு வருஷம் கழித்து 2023இல் என் தம்பிக்கு. முதல் தடவை சாய்ஸ் வரிசையை, அதாவது எனக்கு வேண்டிய கல்லூரி, படிப்புப் பட்டியலின் வரிசையை, தப்பாகப் போட்டேன். அந்த வலியில்தான் இரண்டாவது தடவை ஒழுங்காகப் போட்டோம். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பட்டியல் போட உட்காரப்போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா பல்லடத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கணக்கில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 82 வாங்கியிருந்தேன். கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக, மொத்தம் 200க்கு என் கட்-ஆஃப் 166. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

சாய்ஸ் போட ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "கிடைக்காததை மேல போட்டா சாய்ஸ் வேஸ்ட்டு பாப்பா. கிடைக்கிறதை முதல்ல போட்டுரு." எனக்கும் பயம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கல்லூரியின் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ்) படிப்பை முதலில் போட்டேன். ஆசைப்பட்ட அரசுக் கல்லூரியின் ஈ.சி.ஈ. ஐந்தாவதாகப் போனது. முதல் சாய்ஸே கிடைத்தது. வீட்டில் கேசரி செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து என் வகுப்புத் தோழி போன் செய்தாள். அவளுக்கு 163.5. என்னைவிட ரேங்க்கில் ரொம்பத் தள்ளி. இரண்டு பேரும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. அந்த அரசுக் கல்லூரி ஈ.சி.ஈ. அவளுக்குக் கிடைத்திருந்தது. அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன், அது உண்மை. போனை வைத்த பிறகு கிணற்றடியில் போய் அழுததும் உண்மை. முதல் பட்டதாரிச் சலுகை இருந்தும் கல்லூரி பஸ்ஸுக்கும் மற்றதுக்கும் அப்பா ஒவ்வொரு செமஸ்டரும் கடன் வாங்கினார்.

சீட் எப்படி ஒதுக்குகிறார்கள் என்பது அப்புறம்தான் விளங்கியது. ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுப்பார்கள். அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள். பொதுப் போட்டியிலோ அவருடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்க்குக்குப் போய்விடுவார்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கிறவர் அந்தக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும், நீங்கள் நாற்பதாவதாகப் போட்டிருந்தாலும், உங்கள் முறை வரும்போது அந்த இடம் காலியாக இருந்தால் அது உங்களுக்குத்தான். அதனால் எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் எதுவும் வேஸ்ட் ஆகாது. இல்லையென்றால் இல்லை, கண் அடுத்த வரிக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் கையில் கிடைக்கிற ஒன்றை மேலே எழுதிவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் எதையும் யாரும் பார்க்கவே மாட்டார்கள். நான் செய்தது அதைத்தான்.

தம்பிக்குக் கணக்கில் 91, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கட்-ஆஃப் 180. இந்தத் தடவை சான்றிதழிலேயே இரண்டு ஏமாற்றம். நான் பட்டதாரி ஆகிவிட்டதால் அவனுக்கு முதல் பட்டதாரிச் சான்று கிடையாது. உடன்பிறந்தவர் ஒருவர் பட்டம் வாங்கியிருந்தாலே அந்தச் சலுகை போய்விடும். "எழுதிக் குடுங்க, யார் பாக்கப் போறாங்க" என்று சொன்னவர்கள் உண்டு. அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தம்பி கொரோனா சமயத்தில் பத்தாம் வகுப்புக்குத்தான் மாறினான். இந்த இரண்டையும் முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரேண்டம் எண் வந்த அன்று தெருவே விசாரித்தது. அதற்கெல்லாம் கவலை வேண்டாம். மதிப்பெண், பிறந்த தேதி வரை எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரைப் பிரிக்கத்தான் அது.

உண்மையான சண்டை எந்தப் படிப்பு என்பதில் வந்தது. தம்பிக்கு எலக்ட்ரிகல்தான் வேண்டும். ட்ரிபிள் ஈ. எட்டாவது படிக்கும்போதே அப்பாவோடு கடையில் உட்கார்ந்து மோட்டாரின் ஸ்டேட்டரில், அதாவது சுழலாத பகுதியில், எரிந்துபோன காயிலை உருவி எடுப்பான். எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்து வைப்பான். ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு மோட்டாரில் ஒன்று மட்டும் ஏன் அதிகம் சூடாகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அப்பாவுக்குக் கை வேலை தெரியும், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. தம்பிக்கு அந்தப் பதில் வேண்டும்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊரே கம்ப்யூட்டர் படிக்குது. காயில் கட்டறதுக்கா இஞ்சினியரிங் படிக்கோணும்?" என்று கேட்டார். அவர் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாலு வருஷம் வகுப்பில் உட்காரப் போவது அவர் இல்லை. அப்பா அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு உனக்குத்தான் பரீட்சை கண்ணு. நீயே சொல்லு" என்றார். தம்பி ட்ரிபிள் ஈ என்றான். சரி என்று எழுந்து போய்விட்டார்.

பட்டியலுக்கு முன்னால் ஒரு குயர் நோட்டு வாங்கினேன். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்த ரேங்க்கில் மூடியது என்று எடுத்து எழுதினோம். கட்-ஆஃபை நம்பாமல் ரேங்க்கை எழுதியதற்குக் காரணம் உண்டு. மதிப்பெண் ஒவ்வொரு வருஷமும் ஏறி இறங்கும். 2021இல் தேர்வே நடக்காமல் பத்து, பதினொன்று மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் கட்-ஆஃபை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொன்றும் கவனித்தோம். சில அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு தடவை வரும், ஒன்றுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருக்கும். அது சுயநிதி. கல்லூரி அதேதான், ஆனால் கட்டணம் அதிகம்.

அப்புறம் அப்பா கடையின் பழைய பில் புக்கைக் கிழித்துச் சீட்டு தயார் செய்தோம். ஒரு சீட்டில் ஒரு கல்லூரி, ஒரு பிரிவு. கல்லூரியின் பெயருக்குப் பதில் அதன் கவுன்சலிங் எண்: 2005 ட்ரிபிள் ஈ என்றால் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 2615 என்றால் சேலம் அரசு பொறியியல் கல்லூரி. இப்படி 38 சீட்டு. நடு வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய, எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். நான் இரண்டு சீட்டை மட்டும் கையில் எடுப்பேன். "இது ரெண்டும் உனக்குக் கிடைச்சாச்சுன்னு வச்சுக்க. எதுக்குப் போவே?" கிடைக்குமா கிடைக்காதா என்ற பேச்சே கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவன் சொல்வது மேலே போகும். அப்புறம் அடுத்த சீட்டோடு ஒப்பிடுவோம். இரண்டு மணி நேரத்தில் வரிசை தானாக வந்து நின்றது. முதல் சீட்டு கோவை, நாலாவது சேலம். கடைசிப் பத்தும் நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்த, அதே சமயம் அவன் மனசார போய்ச் சேரக்கூடிய இடங்கள்.

இதற்குள் மாமா மனசு நோகக்கூடாது என்று அவர் சொன்ன கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸையும் தம்பி மூன்றாவதாகச் சேர்த்திருந்தான். கடைசி நாள் மதியம் பட்டியலை முடிவாக லாக் செய்யப்போகும்போதுதான் என் கண்ணில் பட்டது. "இது கிடைச்சா போவியாடா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாட்டேன்க்கா." எடுத்துவிட்டோம். ஓ.டி.பி. அப்பா போனுக்கு வந்தது, போட்டு லாக் செய்தோம். பதிவு செய்யும்போதே வீட்டில் இருக்கிற ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள், சென்டர்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு இந்த நேரத்தில் அலையாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீட்டில் சேலம் ட்ரிபிள் ஈ வந்தது. சேலம் நாலாவதாக இருந்ததால் அதற்கு மேலே மூன்று சாய்ஸ் பாக்கி. ஒப்புக்கொண்டு சேர்ந்துவிடலாம், அல்லது ஒப்புக்கொண்டு மேலே காத்திருக்கலாம். காத்திருக்கலாம் என்று கொடுத்தோம். யாராவது சேராமல் விட்டு மேலே இடம் காலியானால் நமக்கு அது வரும், வராவிட்டால் கையில் இருப்பது அப்படியே நிற்கும். ஆனால் மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கையில் இருந்தது போய்விடும், பழையதே போதும் என்று சொல்ல வழியில்லை. அந்த ராத்திரி எனக்கு மாமாவின் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஞாபகம் வந்து நெஞ்சு படபடத்தது. அது மட்டும் பட்டியலில் இருந்திருந்தால், ஆசைப்பட்ட சேலத்தைப் பறித்துக்கொண்டு அதைக் கொடுத்திருக்கலாம்.

மேலே எதுவும் நகரவில்லை. சேலமே நிலைத்தது. கருப்பூரில் இருக்கிறது கல்லூரி. மாற்றுச் சான்றிதழ் அசல், ஒவ்வொன்றிலும் ஐந்து நகல், போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் விடியற்காலை பஸ் ஏறினோம். அப்பா மெஷின்ஸ் லேபைப் பார்க்கவேண்டும் என்றார். உள்ளே விடவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். வரிசையாக மோட்டார்கள். "நம்ம கடையில இருக்கிற மாதிரியேதான்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.