மல்பேக்கு எதிரே ஒரு கிளிஞ்சல் தீவு

பெங்களூர்வாசிகளுக்குக் கடல் என்பது ஒரு ராத்திரிப் பயண தூரம். கிழக்கே போனால் பாண்டிச்சேரி, மேற்கே இறங்கினால் மங்களூர், உடுப்பி, கோகர்ணம். அல்சூரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஏரியே பெரிய தண்ணீர்தான். என் மனைவியோ தூத்துக்குடிக்காரி. அவளிடம் போய் "கடல் காட்டுகிறேன், வா" என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அதனால் மணலே கண்ணில் படாத ஒரு கடற்கரையாகத் தேடிப் பிடித்தேன்: மல்பேக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் செயின்ட் மேரீஸ் தீவு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சக்லேஷ்பூர், சிராடி மலைப்பாதை வழியாக விடியும்போது உடுப்பி. மலைப்பாதை வளைவுகளில் தூக்கம் வருமா என்று கேட்காதீர்கள், அவள் நன்றாகத் தூங்கினாள். காலையில் முகம் கழுவி, மங்களூர் பன்னும் காபியும் உள்ளே போனதும் ஆட்டோ பிடித்து மல்பே. உடுப்பியிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். ஆட்டோ அண்ணனிடம் என் பெங்களூர்க் கன்னடத்தை எடுத்துவிட்டேன். அவர் பேசிய கரையோரக் கன்னடம் பாடப்புத்தகம் போல அத்தனை சுத்தமாக இருந்ததால், நான் மெதுவாகத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

மல்பே கர்நாடகத்தின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. வரிசை வரிசையாக நின்ற விசைப்படகுகளைப் பார்த்ததும் இவளுக்குப் பிறந்த வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. "இங்க தடைக்காலம் எப்பம்?" என்றாள். ஜூன், ஜூலை என்றேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுக்கும் 61 நாள்தான். அந்த மழைக்காலத்தில் தீவுக்கும் படகு கிடையாது. போக நினைப்பவர்கள் அக்டோபருக்குப் பிறகு, கோடைவெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். நாங்கள் போனது தை மாதம். கடல் சாதுவாக இருந்தது.

படகு ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். முன்னால் ஏறி உட்கார்ந்தவர்கள் பின்னால் வருகிறவர்களைக் கைதட்டிக் கூப்பிடும் வேடிக்கை கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு அரை மணிக்குள் தீவு. தூரத்தில் முதலில் தெரிவது தென்னந்தோப்பு. அருகே போகப் போகத்தான் அதன் அடியில் கருங்கல் வேலி மாதிரி ஒன்று எழுந்து வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கிளிஞ்சல்.

இறங்குமிடத்தில் கூட்டம், செல்ஃபி, பாட்டு எல்லாம் உண்டு. அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் காலடியில் நறநறவென்று சத்தம் மாறும். குனிந்து பார்த்தால் மணல் இல்லை, ஓடுகள்தான். வெள்ளை, பழுப்பு, இளஞ்சிவப்பு, உள்பக்கம் முத்துப்போல மினுங்குவது, விரல்நுனி அளவு சங்கு, நகத்தளவு மட்டி. கையை உள்ளே விட்டு அள்ளினால் அடியில் இருப்பவை மேலும் சின்னவை, அதற்கும் அடியில் குருணை. பாறை இடுக்குகளிலும் சுற்றியுள்ள கடலடியிலும் வாழ்ந்து மடிந்த உயிர்களின் கூடுகளை அலை கொண்டுவந்து கொட்டுகிறது, பிறகு அதே அலை அரைத்துப் பொடியாக்குகிறது. நாம் நிற்பது அந்த அரவை பாதி முடிந்த இடம்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காதலோடு கைகோத்து நடக்கலாம் என்று யாராவது படம் போட்டிருந்தால் நம்பாதீர்கள். உடைந்த ஓடு பிளேடுதான். நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும்.

அவள் உட்கார்ந்தே விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டி, காதருகே ஆட்டிப் பார்த்துக் கீழே வைத்தாள். ஒரு சின்ன மட்டியின் ஓட்டில், கூர்மையான இடத்துக்குப் பக்கத்தில், ஊசி நூல் கோக்கிற அளவுக்குத் துல்லியமான வட்ட ஓட்டை. விளிம்புகூடச் சாய்வாகச் செதுக்கினாற்போல் இருந்தது. "இதப் பாத்தியளா, நத்தை துளைபோட்டுத் தின்னுட்டுப் போயிருக்கு" என்றாள். கொன்று தின்னும் கடல்நத்தைகள் இப்படித்தான் மட்டி ஓடுகளை மெல்ல அரித்துத் துளைத்து உள்ளிருக்கும் சதையை எடுக்குமாம். அதற்குப் பிறகு எனக்கும் அந்த ஓட்டைதான் எங்கு பார்த்தாலும் தெரிந்தது.

அவள் ஆச்சி வீட்டுச் சுவர் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்ததுதான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்துப் பொடியாகும். அதுவே சுவருக்கும் வெற்றிலைக்கும். "இங்க கெடக்குறத அள்ளுனா ஒரு தெருவுக்கே வெள்ளையடிக்கலாம்" என்றாள். அள்ளவில்லை. சங்கு, சோழி வகைகளில் சிலவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே காக்கிறது. அது தவிர, வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பை அள்ளினால் அடுத்த வருஷம் பார்க்க என்ன மிஞ்சும்?

இப்போது அந்தக் கருங்கல் வேலி. நான் வந்ததே அதற்குத்தான் என்று படகிலேயே வைத்துச் சொல்லியிருந்தேன். ஐந்து பக்கம், ஆறு பக்கம், சிலது ஏழு பக்கம் என்று தச்சன் இழைத்த மாதிரிக் கல்தூண்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. யாரும் செதுக்கியதல்ல. எரிமலைக்குழம்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது விரிசல் விடும். அந்த விரிசல் மேலிருந்து கீழே இறங்க இறங்கத் தூண் தூணாகப் பிரியும். வயது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டு. மடகாஸ்கர் இந்தியாவிடமிருந்து பிரிந்த காலத்தில் பொங்கிய குழம்பு இது என்கிறார்கள் நிலவியலாளர்கள். தக்காண பீடபூமியைப் போர்த்தியிருக்கும் எரிமலைப் பாறைகூட இதற்கு இளையது, 6.6 கோடிதான்.

இந்தத் தீவை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்திருக்கிறது. அதே பட்டம் எங்கள் பெங்களூர் லால்பாக் பாறைக்கும், திருவக்கரை கல்மரங்களுக்கும் உண்டு. லால்பாக் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழசு. அதன் மேல் ஏறி நின்று பொரி தின்கிற நாங்கள், இந்தத் தூண்களைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ஸில் வருகிறோம்!

1498-ல் வாஸ்கோடகாமா இங்கே இறங்கிச் சிலுவை நட்டு மாதாவின் பெயரை வைத்ததாகச் சொல்கிறார்கள். பெயர் நிலைத்துவிட்டது. தூண்களின் மேல் பேர் வெட்டி, இதயம் வரைகிற நம்மவர்கள் அளவுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்கு வடக்காகக் கிடக்கும் நான்கு தீவுகளில் மக்கள் போவது தென்னை நிறைந்த இந்த ஒன்றுக்குத்தான். நீளம் அரை கிலோமீட்டர், அகலம் நூறு மீட்டர். அதிகபட்சம் இரண்டு மணி நேரம் போதும். குளிக்க லாயக்கில்லை. பாறையில் பாசி வழுக்கும், பக்கத்திலேயே ஆழம்; காவலர்களின் விசில் ஓயவே இல்லை. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவதும் கட்டாயம்.

திரும்பியதும் மல்பேயில் மீன் சாப்பாடு. குண்டு குண்டாகச் சிவப்புப் புழுங்கல் சோறு, தேங்காயும் பியாடகி மிளகாயும் அரைத்துவிட்ட குழம்பு, ரவையில் புரட்டிப் பொரித்த வஞ்சிரம். இங்கே அஞ்சல், அவளுக்குச் சீலா. நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவள் பொரியலைத் தின்று முடித்து, குழம்பில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, ராத்திரி ரயில்வரை யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "மீனு சரியான மீனு. கொழம்பு எங்கம்மா வெச்சிருக்கணும்."