ஈரக்குமிழ் போட்ட கணக்கு: பட்டுப்புழு பாஸ், ஆக்சலாட்டல் ஃபெயில்

ஃபேன் வைத்து ஆக்சலாட்டல் (மெக்சிகோவின் நீர்வாழ் சாலமாண்டர்) தொட்டியைக் குளிர வைக்கும் வேலை இந்தச் சித்திரையில் படுத்துவிட்டது. 60 லிட்டர் தொட்டி 25.5 டிகிரியில் வந்து நின்றது. அதற்குக் கீழே இம்மி இறங்கவில்லை. அதே அறையின் மறுமூலையில், ஈரச்சாக்குக்குப் பின்னால், ஐந்தாம் பருவப் பட்டுப்புழு மழை பெய்கிற சத்தத்தில் இலை தின்றுகொண்டிருந்தது.

தப்பு ஃபேன் மேல் இல்லைங்க. உடுமலை, கோபிப் பக்கம் புழுமனைகளில் தொங்குகிற உலர்-ஈரக்குமிழ் வெப்பமானியை (ஒரு குமிழ் உலர்ந்தது, இன்னொன்றில் ஈரத்துணி) முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். காற்று 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 22, 23-இல் நிற்கும். தண்ணீர் ஆவியாகிக் குளிர்வதற்கு அதுதான் அடிமட்டம். சாக்கை நனைத்தால் அறை 28 டிகிரிக்கும் 60 சதவீதத்துக்கும் வரும். முற்றிய புழு சமாளித்துக்கொள்ளும். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிக்காரரான ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 வேண்டும். நாலு ஃபேன் வைத்தாலும் நடக்காது.

குமிழில் சுற்றும் துணிதான் ஏமாற்றுகிற இடம். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் உப்புப் பூத்து விறைத்துவிடும்; நீர் ஏறாது, அளவு கூடுதலாகக் காட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கஞ்சி போன பழைய வேட்டித் துணியே நல்லது.

ஐஸ் பாட்டிலும் கணக்குக்குச் சரிவராது. ஒரு லிட்டர் பாட்டில் 60 லிட்டரை ரெண்டு டிகிரிகூட இறக்காது. உருகியதும் பழையபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வால்நுனி சுருளும், செவுளில் பஞ்சுப் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுவாரஸ்யம் வேறு இடத்தில். பட்டுப்புழுவில் இளமை ஹார்மோன் இருக்கிறவரை புழு. அது வற்றினால்தான் கூடு கட்டும். ஆக்சலாட்டலில் தலைகீழ்: தைராய்டு ஹார்மோன் போதாததால்தான் செவுளோடு அப்படியே வளர்ந்து முட்டையும் இடுகிறது. அயோடின் கொடுத்துத் தரைவாழ் சாலமாண்டராக மாற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம், ஆயுள் குறையும்.

மூன்றாம் பருவப் பட்டுப்புழுவை ஆக்சலாட்டலுக்குத் தீனியாகப் போடலாம். சுண்ணாம்போ படுக்கைக் கிருமிநாசினியோ தூவிய தட்டிலிருந்து மட்டும் எடுக்கக்கூடாது. ஆக்சலாட்டல் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், விற்பவரிடம் பதிவுத்தாள் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மகோல் ஒட்டியாயிற்று. சில்லர் கக்குகிற சூடு அறைக்குள்ளேயே சுற்றினால் புழுவுக்குப் பால்நோய் (வைரஸ் நோய்) வந்துவிடும். அதனால் முதலில் சுவரில் ஓட்டை போடணும்.