கருப்பட்டி ஸ்டௌட், பத்தாவது வாரம்: தாள் இன்னும் வரவில்லை

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை ராத்திரி வீட்டு பீர் போட்டியில் மெடல் வாங்கியவர்களின் பட்டியல் வந்துவிட்டது, அதில் என் பெயர் இல்லை. மூன்று தடவை மேலிருந்து கீழே தேடினேன், எழுத்துப்பிழையோடு எங்காவது இருக்குமோ என்றுகூடப் பார்த்தேன். இல்லை. சரி, அந்தக் கதை முடிந்தது. ஆனால் நான் காத்திருப்பது மெடலுக்கு அல்ல, மார்க் தாளுக்கு. முன்பின் தெரியாத இரண்டு நடுவர்கள் என் கருப்பட்டி ஸ்டௌட்டை (ஸ்டௌட் என்றால் கறுக வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்) மோந்து, குடித்து, தனித்தனியாக எழுதிய தாள். ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் பண்ணி ஏற்றிவிடுவோம் என்றார்கள். இன்றைக்கு மார்ச் 20, ஐந்தாவது நாள். காலையில் இரண்டு முறை, மதியம் ஒரு முறை, ஆபீஸ் மீட்டிங் நடுவில் ஒரு முறை பார்த்தாயிற்று.

முன்கதை தெரியாதவர்களுக்கு: இருப்பது அமெரிக்காவில், மினசோட்டாவின் மினியாபொலிஸ் பக்கம். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்துப் போட்ட சட்டம் அது, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. (நான் முப்பது காலனைத் தாண்டியதில்லை. அதற்கே பேஸ்மென்ட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டில் நோட்டீஸ்.) இந்தத் தடவை காய்ச்சியது டிராப்பிக்கல் ஸ்டௌட். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் வழிகாட்டியில் அதன் வகை எண் 16சி. கரீபியன், இலங்கை போன்ற வெயில் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்த ஸ்டௌட் அங்கேயே வேர் பிடித்து, உள்ளூர்ச் சர்க்கரையும் லாகர் ஈஸ்ட்டுமாக மாறிய வகை. கறுப்பு, இனிப்பு, கொஞ்சம் பழவாசனை, நல்ல போதை. இலங்கையின் லயன் ஸ்டௌட் அந்தப் பக்கத்திலேயே உதாரணமாக இருக்கிறது. அதை ஒரு தடவை கொழும்பில் குடித்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம்.

லாகர் ஈஸ்ட் என்றால் குளிரில் வைக்க வேண்டும் என்பார்கள். இந்த வகைக்கு அதையே கொஞ்சம் சூட்டில் ஓட விடுவார்கள். ஜனவரியில் எங்கள் பேஸ்மென்ட் 17, 18 டிகிரி செல்சியஸில் தானாகவே நிற்கும், ஆகவே ஃப்ரிட்ஜும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். ஜனவரி 11 காய்ச்சினேன். 19 லிட்டருக்கு ஐந்து கிலோ பேல் மால்ட் (மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி), கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட், கொஞ்சம் கறுக வறுத்த மால்ட், கசப்பு 35 ஐ.பி.யூ. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) சுமார், ஸாஃப்லாகர் 34/70 என்ற லாகர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட். சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அடர்த்தியை வைத்துச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் 1.062 காட்டியது.

இனி கருப்பட்டி. போன கோடையில் அம்மா வந்தபோது உடன்குடிக் கருப்பட்டி மூன்று கிலோ ஓலைப்பெட்டியோடு கொண்டுவந்தார்கள், சுக்குக் காப்பிக்கு. அதில் 450 கிராம் எடுத்தேன். சமையல் மேடையில் துண்டை விரித்து, அதன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினால் முதல் அடியில் ஒன்றும் ஆகாது, மூன்றாவது அடியில் சில்லுச் சில்லாக எகிறும், ஒரு துண்டு இன்னும் அடுப்புக்குப் பின்னால் கிடக்கிறது என்று நினைக்கிறேன். வெந்நீரில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டினால் அடியில் ஒரு டீஸ்பூன் மணல், இரண்டு மூன்று நார். வடிகட்டியதை ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, நொதித்தல் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும்போது பக்கெட்டில் ஊற்றினேன். அந்த அரை மணி நேரம் வீடு முழுக்கப் பனங்காட்டு வாசனை. பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே பதநீர் புளித்துக் கள்ளாகிவிடக் கூடாது என்றுதான். அவ்வளவு பாடுபட்டுப் புளிக்காமல் காப்பாற்றிய சரக்கை மினசோட்டாவில் ஒருத்தன் ஈஸ்ட்டுக்குத் தீனியாகப் போடுகிறான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தீர்ந்துபோச்சா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன், அது பொய்யில்லை.

கருப்பட்டியின் இனிப்பு முழுக்க ஈஸ்ட் தின்றுவிடும், அதில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவது அந்த வாசனை, அதிலும் குறிப்பாகப் புகை. விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சிய பொருள் இல்லையா. இந்தப் புகைதான் இப்போது என் தலைவலி.

போட்டிக்குப் பதியும்போது இரண்டு வழி இருந்தது. 31பி என்று ஒரு வகை உண்டு, வேறு சர்க்கரை போட்ட பீர்களுக்கு. அதில் போட்டால் என்ன சர்க்கரை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவரும் அதைத் தேடித்தான் மோப்பார். பனங்கருப்பட்டி என்று எழுதினால் அவர்களில் எத்தனை பேர் அதை வாழ்நாளில் மோந்திருப்பார்கள்? மொலாசஸ் (கரும்புச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு) மாதிரி இருக்குமென்று எதிர்பார்த்து, அது இல்லையென்று மார்க்கைக் குறைப்பார்கள். 16சியில் போட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஸ்டௌட் ஸ்டௌட்டாக நின்றால் போதும். ஆனால் அங்கே புகை வாசனை வந்தால், நடுவர் பேனா உடனே "ஃபீனாலிக் (புகை, மருந்து வாடை), சுத்தத்தைக் கவனிக்கவும்" என்று எழுதும். காட்டு ஈஸ்ட் புகுந்த பீரும் கிட்டத்தட்ட அப்படித்தான் மணக்கும். ஒரு வாரம் யோசித்து 16சியில் போட்டேன். சரியா தப்பா என்பது தாள் வந்தால்தான் தெரியும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கடைசி ரீடிங் 1.016, கருப்பட்டியையும் கணக்கில் சேர்த்தால் ஆரம்பம் 1.070, ஆக 7 சதவீதம் ஆல்கஹால். பாட்டிலில் அடைப்பதற்கு முன் வெண்ணெய் சோதனை செய்தேன். இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை மூடி இருபது நிமிஷம் சூடான தண்ணீரில் நிறுத்தி, ஆறிய பிறகு இரண்டையும் மோந்து பார்க்க வேண்டும், சூடாக்கியதில் பாப்கார்ன் வெண்ணெய் வாடை அடித்தால் ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். முதல் தடவை லேசாக அடித்தது, 20 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விட்டேன், போய்விட்டது. ஜனவரி 30 பாட்டில், மொத்தம் 47. மார்ச் 1 போட்டிக்குப் பாட்டில் வாங்கிக்கொள்ளும் கடையில் மூன்று பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமெரிக்கத் தபாலில் மது அனுப்ப முடியாது, அதனால் பனியில் நாற்பது நிமிஷம் கார். மூடியில் எந்தச் சின்னமும் தெரியக் கூடாது என்பது விதி, என்னிடம் இருந்ததெல்லாம் சிவப்பு நட்சத்திரம் போட்ட மூடி, கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து மார்க்கரால் கறுப்படித்தேன். சீட்டை ரப்பர் பேண்டில்தான் கட்ட வேண்டும், டேப் கூடாது. அதற்குமேல் பீருக்குப் பெயர் கிடையாது, ஒரு நம்பர்தான். எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாலைப் பேப்பரில் நம்பராக வரும், அந்த ஞாபகம்.

உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் இன்னும் மோசம். போன வருஷம் அங்கே ஸ்டூவர்டாகப் போனேன், பாட்டில் தூக்குகிற வேலை. இரண்டு பேர் ஒரு மேஜை. நடுவில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும், காலடியில் மீதியைக் கொட்ட ஒரு பக்கெட். திறந்து ஊற்றியதும் நுரை அடங்குவதற்குள் மூக்கை உள்ளே விடுகிறார்கள், ஏனென்றால் வாசனைக்கு 12 மார்க், அதுதான் முதலில் பறக்கும். தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கிற பதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பேசாமல் எழுதுகிறார்கள். முடித்த பிறகுதான் "உனக்கு எவ்வளவு?" வித்தியாசம் ஏழுக்கு மேல் போனால் பேசிப் பேசிப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். வாயில் வைக்க முடியாத பீருக்கும் மரியாதைக்கு 13 உண்டு. அன்றைக்கு ஒருவர் எட்டாவது பாட்டிலுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு நாக்கை பிஸ்கட்டால் துடைப்பதைப் பார்த்தேன். என் ஸ்டௌட் இந்த வருஷ நடுவர்களுக்கு எத்தனையாவதாகப் போயிருக்கும் என்று இந்த ஐந்து நாளில் நூறு தடவையாவது யோசித்திருப்பேன். வறுத்த மால்ட் பீர் ஏழெட்டு குடித்த நாக்குக்குக் கருப்பட்டி எங்கே தெரியப்போகிறது? சில சமயம் அப்படித் தெரியாமல் போயிருந்தால் நல்லது என்றும் தோன்றுகிறது.

காத்திருந்த நாட்களில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதே மார்க் தாளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒரு பாட்டில் திறந்து நானே மார்க் போட்டேன். பிப்ரவரி 22 அன்று 38. கொடுத்துவிட்டு வந்த அடுத்த வாரம் 31. பட்டியலில் பெயர் இல்லாத மறுநாள் 27, அதுவும் "பின்வாயில் சாம்பல்" என்று எழுதியிருக்கிறேன், கையெழுத்தே கோபமாக இருக்கிறது. நேற்று 34. ஒரே நாளில் அடைத்த பீர். பீரும் மாறுகிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஒவ்வொரு வாரமும் வறுவலின் கூர் மழுங்கி காய்ந்த திராட்சை மாதிரி ஒன்று மேலே வருகிறது, புகையும் முதல் மாதத்தில் இருந்த அளவு இல்லை. ஆனால் மூன்று நாளில் ஏழு மார்க் மாறாது. என் மனைவி நான்கு தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுல பீருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வாய் குடித்துவிட்டு, "கருப்பட்டிக் காப்பி ஆறிப்போனா இப்படித்தான் இருக்கும்" என்றாள். இதுவரை வந்ததிலேயே துல்லியமான விமர்சனம் அதுதான், ஆனால் அதற்கு எத்தனை மார்க் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அடுத்த தடவைக்கு இப்போதே குறித்து வைத்திருப்பது: கருப்பட்டி 300 கிராம் போதும், வறுத்த மால்ட்டில் ஒரு கைப்பிடி குறைக்கலாம், மூடி வெறும் மூடியாக வாங்க வேண்டும். ஆனால் ஒரு நடுவர் புகையைக் குறையென்று எழுதி, இன்னொருவர் அதையே நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் 450-ஐயே வைத்துக்கொண்டு அடுத்த முறை 31பியில் போடுவேன். அதனால் இன்னும் அடுத்த காய்ச்சலுக்கு மால்ட் வாங்கவில்லை.

மீதி பதினொரு பாட்டில் இருக்கிறது. அதில் இரண்டைத் தனியாக ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், கீரைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தாள் வந்த அன்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எழுதிய வரிசையிலேயே வாசனை, தோற்றம், சுவை என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துக் குடிப்பதாகத் திட்டம். என் ஊகம் வாசனை 8, தோற்றம் 3, சுவை 13, பதம் 4, மொத்த அபிப்பிராயம் 6, கூட்டினால் 34. இதை எழுதி முடிக்கிற நேரம் இன்னொரு தடவை பார்த்தேன். இன்னும் ஏற்றவில்லை.